தப்பித்தவர்கள் சாட்சியாக முடியாது

தீபாவளி நெருங்கும் நாட்களில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் நெரிசலிலும் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட பெரியவர்கள் அதைத் தொடங்குவார்கள். "எங்க காலத்துல பட்டாசுக்கு யார் கடைக்குப் போனா? மூங்கில வெட்டி, கார்பைட்டப் போட்டு நாங்களே வெடிச்சோம். ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆகல. இப்ப உள்ள பிள்ளைங்களத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்." பக்கத்தில் நிற்கும் படித்தவர் அதற்கு மேலும் ஒரு படி ஏறுவார். நோபல் இப்படித்தானே தொடங்கினார், ரசாயனத்தில் கை வைக்காத பையன் எப்படி விஞ்ஞானி ஆவான் என்று கேட்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையன், "அளவைக் குறைச்சுக் கவனமா செஞ்சா பயமே இல்ல அங்கிள்" என்று முடித்து வைப்பான்.

இதைச் சொல்பவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். நம் பிள்ளைகள் துணிச்சலாக வளர வேண்டும், அறிவியலில் முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசையில்தான் பேசுகிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு எல்லாரிடமும் எடுபடுகிறது. அதனால்தான் இதை மறுத்தே ஆக வேண்டும் என்கிறேன். மூவர் சொல்வதும் தவறு. அந்தப் பையன் சொல்வது உயிரை வாங்கும் தவறு.

பெரியவர்களிடமிருந்து தொடங்குவோம். அவர்கள் வீட்டில் கார்பைட் இருந்ததற்குக் காரணம் விளையாட்டு அல்ல. விடியுமுன் கித்தா மரம் சீவப் போனவர்களுக்கு நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டியிருந்தது. அந்த விளக்கு கார்பைட்டில் எரிந்தது. தண்ணீர் பட்டால் கார்பைட்டிலிருந்து அசெட்டிலீன் என்ற வாயு வரும். விளக்கில் அது சொட்டுச் சொட்டாக உண்டாகி உடனே எரிந்து போனது. மூங்கிலுக்குள் அடைத்தால் கதையே வேறு. சமையல் எரிவாயு காற்றில் ஏறத்தாழ 2 முதல் 10 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் பிடிக்காது. அசெட்டிலீனுக்கு அந்த எல்லை 2.5 விழுக்காட்டிலிருந்து 80 வரை நீள்கிறது. குத்துமதிப்பாக எந்த அளவில் கலந்தாலும் அது வெடிக்கத் தயாராக இருக்கிறது. அதைப் பற்றவைக்க ஒரு ஜூல் ஆற்றலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று படுகிறதே, அந்தப் பொறி இதைவிடப் பல மடங்கு பெரியது.

அப்படியானால் அன்று ஏன் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை? ஆகவில்லை என்று யார் சொன்னது? கண் போனவர் தீபாவளிக் கடைத்தெருவில் நின்று அந்தக் காலத்துப் பெருமை பேசுவதில்லை. பேசுவதெல்லாம் தப்பித்தவர்கள். பத்துப் பேர் ஆபத்தான ஆற்றை நீந்திக் கடந்து, எட்டுப் பேர் கரையேறினால், ஆறு பாதுகாப்பானது என்று அந்த எட்டுப் பேரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அந்த அனுபவத்தை வைத்து அடுத்த பிள்ளையை ஆற்றில் இறக்க முடியாது.

2025 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி மத்தியப் பிரதேசத்தில், குறிப்பாக போபாலில், நடந்ததைப் பாருங்கள். அதே கார்பைட்டை மூங்கிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு, 'கார்பைட் துப்பாக்கி' என்று சில்லறை விலைக்குத் தெருவில் விற்றார்கள். சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்தோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் வெடித்தது என்பதுதான் பல பிள்ளைகளின் கதை. நம் பெரியவர்கள் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கும் அதே விளையாட்டுதான் இது.

தோட்டத்தில் மூங்கில் வெடித்த பிள்ளையைச் சுற்றி ஏக்கர் கணக்கில் கித்தா மரம் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று அந்த லயங்கள் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்குகிறது; மேல்மாடியில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார்; எல்லாச் சமையலறையிலும் ஒரு கேஸ் தோம்பு. அந்தப் பையன் தன் அறையில் என்ன செய்தாலும் அவர்களும் அதில் பங்காளிகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கார்பைட் இந்த உலகத்தின் மிதமான ஓரம் மட்டுமே. இன்று பதின்ம வயதுப் பையன்கள் சிலர் தேடிப் போவது அதைவிடக் கொடியவற்றை. அவற்றின் பெயரையோ செய்முறையையோ இங்கே எழுத மாட்டேன், தேவையும் இல்லை. அவற்றைப் பொதுவாக நிலையற்ற வெடிபொருள்கள் என்பார்கள். கவனமாக இருந்தால் போதும் என்ற வாதம் இங்கேதான் முற்றாக உடைகிறது.

கவனம் எப்போது பயன்படும்? ஆபத்து முன்கூட்டி ஓர் அறிகுறி காட்டினால் பயன்படும். எண்ணெய் சூடேறினால் புகையும், அடுப்பை அணைக்கலாம். கயிறு அறுவதற்குமுன் நைந்து போகும், மாற்றலாம். நிலையற்ற வெடிபொருள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அது சும்மா இருக்கும் நிலைக்கும் வெடிக்கும் நிலைக்கும் இடையே நாம் கவனித்துக் கை எடுக்கும்படியான நேரம் கிடையாது. பறவை இறகால் வருடினால் வெடிக்கும் சேர்மம் ஒன்று வேதியியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஆல்பா துகள் பட்டாலே அது வெடிப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத துகள் ஒன்றிடம் ஒரு பையன் எப்படிக் கவனமாக இருப்பான்? வேறொரு வகை, மூடி வைத்த பாட்டிலுக்குள்ளேயே மெல்ல ஆவியாகி, மூடியின் திருகு மரையில் போய்ப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அவன் மூடியைத் திருகும் உராய்வு போதும். அவன் பாட்டிலை அசைக்கவில்லை, சூடாக்கவில்லை, கீழே போடவில்லை. திறந்தான், அவ்வளவுதான்.

அளவைக் குறைத்துச் செய்வோம் என்பதும் அப்படியே. சிறிய அளவில் ஒழுங்காக இருந்தது பெரிய அளவிலும் ஒழுங்காக இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வினையில் பிறக்கும் வெப்பம் பொருளின் கன அளவுக்கு ஏற்பப் பெருகும். அது வெளியேறும் வழி மேற்பரப்பு மட்டுமே. பொருள் பெருகும் வேகத்துக்கு மேற்பரப்பு பெருகுவதில்லை. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் வெப்பம் உள்ளேயே சிக்கி, வினை கையை மீறி ஓடும். அந்தக் கட்டம் எது என்று பாட்டிலின் மேல் எழுதியிருக்காது. கடையில் வாங்கிய மூலப்பொருளில் என்ன கலப்படம் இருக்கிறது என்றும் எழுதியிருக்காது. நேற்றுச் செய்ததும் இன்று செய்ததும் ஒரே பொருள்தானா என்பதே அவனுக்குத் தெரியாது. எனவே நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு எந்த உறுதியும் தராது.

இது பயிற்சி இல்லாத பையன்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள், அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரி 7ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் ஆற்றல்மிகு சேர்மம் ஒன்றைக் கையாண்டார். ஆய்வகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்த வரம்பு 100 மில்லிகிராம். திரும்பத் திரும்பச் சிறு அளவில் செய்யும் அலுப்பைத் தவிர்க்க அவரும் உடனிருந்த மாணவரும் 10 கிராம் தயாரித்துவிட்டார்கள், நூறு மடங்கு. கரைப்பானில் நனைந்திருக்கும்போது சிறிய அளவு பொருள் வெடிப்பதில்லை என்று அவர்களே முன்பு கண்டிருந்தார்கள். பெரிய அளவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, நனைந்த நிலையில் உரலில் இட்டு மெதுவாகக் கட்டிகளை உடைத்தார் அந்த மாணவர். வேலை முடிந்ததென்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியவர், இன்னொரு முறை கிளறிப் பார்க்கத் திரும்பி வந்தார். வெடித்தது. மூன்று விரல்கள் போயின. கையும் முகமும் வெந்தன. ஒரு கண்ணும் காயப்பட்டது. அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து விரிவான அறிக்கையே வெளியிட்டது. பட்டம், பேராசிரியர், ஆய்வகம், உபகரணம் எல்லாம் இருந்த இடத்தில் இது நடந்தது. செந்தூல் அடுக்குமாடியின் பின்கட்டில் இருக்கும் பையனிடம் இவற்றில் எது இருக்கிறது?

அந்த மாணவர் கவனக்குறைவானவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மெதுவாகத்தான் செய்தார், நனைத்துத்தான் செய்தார், தன் அனுபவத்தை நம்பித்தான் செய்தார். நிலையற்ற பொருள்களிடம் அனுபவம் கற்றுத் தரும் பாடமே பொய்யாக இருக்கலாம் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் சுங்கை பூலோவை அடையலாம். 1991 மே 7ஆம் தேதி பிற்பகலில் அங்கிருந்த பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் என்ற மத்தாப்புத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கம்பத்து வீடுகளின் கூரைகள் பறந்தன. கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த கண்ணாடிகளும் நொறுங்கின. வெடிமருந்தைத் தினசரித் தொழிலாகச் செய்த இடத்தின் கதி அது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறக்க உந்துதலாக இருந்த துயரங்களில் இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். அன்று வளர்ந்தவர்களாக இருந்த நாம், அதே கிள்ளான் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு, பையன்கள் வெடிமருந்து கலந்து பார்ப்பதை ஆண்பிள்ளைத்தனம் என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சிவகாசியைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்லும். தலைமுறை தலைமுறையாக மருந்து கலப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மருந்துக் கலவை அறை தனியே இருக்க வேண்டும், இத்தனை பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, கலந்த மருந்தை மறுநாளுக்கு மீதி வைக்கக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் பிணங்கள் இருக்கின்றன. இருந்தும் "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு" என்று தொடங்கும் செய்தி ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். பட்டாசுக் கலவைகளில் மிக எளிதாகக் கைமீறிப் போகும் ஒன்றை பிரிட்டன் 1894இலேயே தடை செய்தது. இந்தியா 1992இல் தடை செய்தது. தொழில் தெரிந்தவர்களின் கையிலேயே இருக்கக் கூடாது என்று இரு நாடுகள் ஒதுக்கிய பொருளை, தெரியாத கைகளில் கொடுத்துக் கவனமாக இரு என்று சொல்கிறோம்.

இனி நோபலை இழுத்து வருபவருக்கு வருகிறேன். நோபல் வெடிமருந்தோடு போராடியது உண்மை. அந்தக் கதையின் மற்றப் பாதியை ஏன் சொல்வதில்லை? 1864 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோரியில் அவர்களுடைய நைட்ரோகிளிசரின் கூடம் வெடித்தது. ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் செத்தான். அவனுக்கு இருபது வயது. இன்னும் சிலரும் செத்தார்கள். நகர எல்லைக்குள் இந்த வேலையே கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். நோபல் என்ன செய்தார்? என் வீடு, என் உரிமை என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஏரியில் ஒரு படகுக்குத் தன் வேலையைக் கொண்டுபோனார், மனிதர்களிடமிருந்து விலகி. 1867இல் அவர் காப்புரிமை பெற்ற டைனமைட்டின் பெருமையே, அந்த முரட்டுத் திரவத்தைக் களிமண் போன்ற ஒன்றில் ஊறவைத்து அடக்கியதுதான். அவர் புகழ் பெற்றது வெடிக்க வைத்ததால் அல்ல. வேண்டாத நேரத்தில் வெடிக்காமல் செய்ததால்.

அவருக்கு முன்பே 1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் துலோங் புதிய சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதே வேலையில் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். மறு ஆண்டு ஹம்ஃப்ரி டேவி அதே பொருளைச் செய்து கண்ணில் அடிபட்டார். எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் மைக்கேல் ஃபாரடே என்ற இளைஞன் அவரிடம் வந்து சேர்ந்தான். அடுத்த ஆண்டு அந்த ஃபாரடேயின் கையிலும் அது வெடித்தது. உலகின் தலைசிறந்த மூன்று வேதியியலாளர்கள், ஒரே பொருள், மூன்று விபத்துகள். மேதைமை அவர்களைக் காப்பாற்றவில்லை. அப்போது யாருக்கும் தெரியாத ஒன்றை அறியப் போய் அவர்கள் அடிபட்டார்கள். இருநூறு ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கும் ஒன்றை மறுபடி செய்து விரலை இழக்கும் பையன் எதைக் கண்டுபிடிக்கிறான்?

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யாரோ எழுதிய செய்முறையைப் பார்த்துக் கலப்பது ஆராய்ச்சியே அல்ல. ஆராய்ச்சி என்றால் ஒரு கேள்வி வேண்டும், அளக்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும், ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி செய்து ஒப்பிட வேண்டும். வெடிப்பு தன் சான்றுகளையே அழித்துவிடுகிறது. அளக்க ஒன்றும் மிஞ்சாது. பல வேளை அளப்பவனே மிஞ்சுவதில்லை. சத்தத்தை ரசிக்கும் ஆசையை அறிவியல் ஆர்வம் என்று நாம் தவறாகப் பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்வத்துக்கு வழியே இல்லை என்பதும் நம் சமூகத்தைப் பற்றிய உண்மை அல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக 'அஸ்தி' என்னும் அறிவியல், தொழில்நுட்பப் புத்தாக்கச் சங்கம் நடத்தி வரும் அறிவியல் விழாக்களுக்குப் போய்ப் பாருங்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் மாறிகளைப் பிரித்து, அட்டவணை போட்டு, நடுவர் கேட்கும் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்கிறார்கள். அதுதான் விஞ்ஞானி உருவாகும் இடம். பிரச்சினை, இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைக்குத் தொடர்ந்து கைகொடுக்க ஆள் இல்லாமல் போவது. பதினைந்து வயதில் வேதியியல் பிடித்துப்போன ஒரு பையனுக்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தரமான ஆய்வகத்தில் உடன் நிற்க ஒரு பட்டதாரி அண்ணனோ அக்காவோ வேண்டும். கோயிலுக்கும் விருந்துக்கும் நாம் கூட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அதைச் செய்யாமல், நோபல் கதை சொல்லி அவனைத் தனி அறையில் விடுவது நம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

சட்டத்தைப் பற்றியும் கூசாமல் பேச வேண்டும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதும் வைத்திருப்பதும் சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது விடுதலை தராது. 2016 ஜூன் 28ஆம் தேதி பூச்சோங் மொவிடா கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்த பிறகு, ஐஎஸ் பெயரில் இந்த மண்ணில் நடந்த முதல் தாக்குதல் அது என்று தெரிந்த பிறகு, எந்தப் போலீஸ் அதிகாரியும் ஒரு பையனின் அறையில் வெடிமருந்தைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகமாட்டார். போகவும் கூடாது. பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் மனிதர்களைக் கொன்ற பொருளுக்கும் இந்தப் பையன் ஆர்வத்தில் செய்த பொருளுக்கும் வேதியியலில் வேறுபாடு இருக்காது. வேறுபாடு அவன் மனத்தில் மட்டும்தான். மனத்தை ஆய்வுக்கு அனுப்ப முடியாது. நம் இளைஞர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் இடையே ஏற்கெனவே இருக்கும் கசப்பு நமக்குத் தெரியும். அதற்குள் இப்படி ஒரு வழக்கோடு நம் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?

அந்தக் கசப்பினாலேயே பெற்றோர் ஒரு பெரிய தவறு செய்யக்கூடும் என்று அஞ்சுகிறேன். மகன் அறையில் பெயரில்லாத பாட்டிலோ வெள்ளைப் பொடியோ கண்டால், போலீஸுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கழிவறையில் கொட்டுவார்கள், குப்பையில் போடுவார்கள், காரில் எடுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் போவார்கள். வெடிக்க இருப்பது அந்த நேரத்தில்தான். மூடியைத் திறக்கக் கூடாது; நகர்த்தக் கூடாது; தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த அறையில் விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. வீட்டில் உள்ள எல்லாரையும் வெளியே கூட்டி வந்து, பக்கத்து வீட்டாரையும் எழுப்பி, தூரம் போன பிறகு 999ஐ அழைக்க வேண்டும். போலீஸின் வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு வந்து எடுத்துப் போகும். அதன் பிறகு பையனுக்கு ஒரு வழக்கறிஞரைத் தேடுங்கள், கூடவே நில்லுங்கள். அதற்கு அவன் முழுக் கையோடு உயிரோடு இருக்க வேண்டும்.